மாய உறுப்பு உணர்வும் தொடுவுணர்வு மறுபயிற்சியும்

விபத்திலோ நோயிலோ கையை அல்லது காலை இழந்தவருக்கு அந்த உறுப்பு இன்னும் தன்னிடம் இருப்பதாகவே படுவது மாய உறுப்பு உணர்வு எனப்படும். துண்டிப்பு அறுவைக்கு ஆளானவர்களில் ஏறத்தாழ எல்லோரும் இதை ஏதோ ஓர் அளவில் அனுபவிக்கிறார்கள். இல்லாத விரல் அரிக்கும். எப்போதோ கழற்றிய மோதிரம் இறுக்கும். தூக்கக் கலக்கத்தில் இல்லாத காலை ஊன்றப்போய் விழுந்தவர்கள் உண்டு. அதே இடத்தில் எரிச்சலும் குத்தலும் மின்சாரம் பாய்வது போன்ற வேதனையும் சேர்ந்தால் அது மாய உறுப்பு வலி. 50 முதல் 80 சதவீதம் பேருக்கு இந்த வலி வருவதாகப் பல கணிப்புகள் சொல்கின்றன. சிலருக்கு மாயக் கை நாளடைவில் குறுகி, வெட்டிய இடத்திலேயே உள்ளங்கையும் விரல்களும் ஒட்டியிருப்பதுபோல் ஆகிவிடும். வேறு சிலருக்கு விரல்கள் இறுக மடங்கி, நகம் உள்ளங்கையில் புதையும், விரிக்கவே முடியாது.

இது மனநோய் அல்ல. வெளியே சொன்னால் பைத்தியம் என்பார்களோ என்று பலர் வாயே திறப்பதில்லை. அறுவைக்கு முன்பே மருத்துவர் இதைப் பற்றிப் பேசிவிடுவதைத்தான் சிகிச்சையின் முதல் படியாகக் கொள்ள வேண்டும்.

இந்த வலியைப் பிரெஞ்சுப் போர்க்கள அறுவை மருத்துவர் அம்ப்ருவாஸ் பாரே 16ஆம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்தார். அமெரிக்க உள்நாட்டுப் போரில் கைகால் இழந்த சிப்பாய்களைப் பிலடெல்பியாவில் கவனித்த சைலஸ் வெய்ர் மிட்செல், 1871இல் இதற்கு இன்று வழங்கும் பெயரைச் சூட்டினார்.

வெட்டுப்பட்ட நரம்பின் முனை முடிச்சாகத் திரண்டு மூளைக்குத் தவறான சமிக்ஞை அனுப்புவதுதான் காரணம் என்று நெடுங்காலம் நம்பினார்கள். அதில் உண்மை இருக்கிறது. ஆனால் முடிச்சை அகற்றிய பிறகும் பலருக்கு வலி திரும்பியது. எனவே கவனம் மூளையின் பக்கம் திரும்பியது. மூளையின் மேற்பரப்பில் உடலின் ஒவ்வொரு பகுதிக்கும் ஓர் இடம் உண்டு. அந்த வரைபடத்தில் கைக்கு அடுத்திருப்பது முகம். கையிலிருந்து மூளைக்குச் செல்லும் உணர்வு நரம்புகள் துண்டிக்கப்பட்டுப் பல ஆண்டுகள் கழிந்த குரங்குகளின் முகத்தைத் தொட்டபோது, கைக்குரிய மூளைப் பகுதி விழித்துக்கொண்டதை ஆய்வாளர் டிம் பான்ஸ் குழுவினர் 1991இல் கண்டார்கள்.

அந்தச் செய்தியைப் படித்த வி. எஸ். ராமச்சந்திரன் மனிதரிடம் சோதித்துப் பார்த்தார். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்று கலிபோர்னியாவில் ஆய்வு செய்துவந்தவர் அவர். சில வாரங்களுக்கு முன் கையை இழந்திருந்த ஓர் இளைஞரின் கண்ணைக் கட்டி, பஞ்சு சுற்றிய குச்சியால் முகத்தில் மெல்லத் தொட்டார். கன்னத்தில் பட்டது, இல்லாத கட்டைவிரலிலும் பட்டது. மேலுதட்டைத் தொட்டால் ஆள்காட்டி விரல், கீழ்த்தாடையைத் தொட்டால் சுண்டு விரல். வெதுவெதுப்பான நீர் கன்னத்தில் வழிந்தபோது மாயக் கையிலும் நீர் வழிந்தது. விலையுயர்ந்த கருவி எதுவுமின்றி, கேள்வியின் கூர்மையால் மட்டுமே கிடைத்த விடை இது.

முகம் கையின் இடத்தை ஆக்கிரமிப்பதே வலிக்குக் காரணமா? ஆக்கிரமிப்பு மிகுந்தால் வலியும் மிகுகிறது என்று ஜெர்மனி ஆய்வாளர் ஹெர்டா ஃப்ளோர் 1995இல் காட்டினார். ஆய்வாளர் தாமர் மாக்கின் குழு 2013இல் இதற்கு நேர்மாறான சித்திரத்தைத் தந்தது: வலி மிகுந்தவர்களிடம் கைக்குரிய மூளைப் பகுதி குலையாமல் இருந்தது. 2025இல் வெளியான ஆய்வில், மூன்று பேரின் மூளையைக் கை எடுப்பதற்கு முன்பும் பின்பும் படம்பிடித்தார்கள். வரைபடம் பெரும்பாலும் அப்படியே இருந்தது. கை போனாலும் கையின் இடம் மூளையில் அழிவதில்லை என்ற கருத்தே இப்போது வலுப்பெற்று வருகிறது. செயற்கைக் கை வடிவமைப்போருக்கு இது பெரிய நம்பிக்கை.

மறுபயிற்சி எஞ்சிய உறுப்பின் தோலில் தொடங்குகிறது. காயம் ஆறியதும் துணி பட்டாலே துடிக்கும் இடத்தை முதலில் பஞ்சாலும் பிறகு மென்துணியாலும் சொரசொரப்பான துண்டாலும் நாள்தோறும் தடவிப் பழக்குவார்கள். விரல் நுனியால் தட்டிக் கொடுப்பார்கள். இது தேறாமல் செயற்கைக் காலின் குழிக்குள் எடையைத் தாங்க முடியாது. அடுத்த கட்டம் பகுத்தறியும் பயிற்சி. ஃப்ளோர் குழு 2001இல் வெளியிட்ட முறையில், எஞ்சிய கைமீது மின்முனைகள் பதித்து, எந்த இடத்தில் என்ன வேகத்தில் தூண்டல் வந்தது என்று நோயாளியைச் சொல்ல வைத்தார்கள். நாளுக்கு ஒன்றரை மணி நேரம், பத்து நாட்கள். தொடுவுணர்வு கூர்மையானது, வலியும் குறைந்தது. பங்கேற்றவர்கள் மிகச் சிலரே என்றாலும், தோலுக்குக் கவனத்தோடு பயிற்சி தந்தால் மூளை அதற்குச் செவிசாய்க்கிறது என்பதை இது காட்டியது.

ராமச்சந்திரன் உருவாக்கிய கண்ணாடிப் பெட்டி பரவலாக அறியப்பட்டது. அதன் கண்ணாடியில் நல்ல கையின் பிம்பம், இழந்த கை இருந்த இடத்தில் தெரியும். நல்ல கையை விரித்தால், இறுகிக் கிடந்த மாய விரல்களும் சிலருக்கு விரிகின்றன. கால் இழந்த அமெரிக்கப் படைவீரர்களிடம் நடத்தி 2007இல் வெளியிட்ட சிறு ஆய்வில், நான்கு வாரம் கண்ணாடியுடன் பயிற்சி செய்த ஆறு பேருக்கும் வலி தணிந்தது. பிந்தைய ஆய்வுகளின் முடிவுகள் அவ்வளவு சீராக இல்லை. எனினும் செலவும் ஆபத்தும் மிகக் குறைவு என்பதால், முயன்று பார்க்கத் தயங்க வேண்டியதில்லை.

அறுவை மருத்துவமும் இதில் பங்கெடுக்கிறது. சிகாகோவில் டாட் குய்கென் உருவாக்கிய முறையில், வெட்டுப்பட்ட கை நரம்புகளை மார்புத் தசையோடு இணைக்கிறார்கள். செயற்கைக் கையை மனம் நினைத்தபடி அசைக்கவே இதைச் செய்தார்கள். ஆனால் மார்புத் தோலைத் தொட்டபோது இழந்த விரல்களில் தொடுவுணர்வு எழுந்தது. வேலையின்றி அலையும் நரம்புக்கு ஒரு தசை கிடைப்பதால் முடிச்சு வலியும் குறைவதாகக் கண்டதால், இப்போது வலிக்காகவும் இந்த அறுவையைச் செய்கிறார்கள்.

கிளீவ்லாந்தில் டஸ்டின் டைலர் குழு நரம்பைச் சுற்றியே மின்முனைகளைப் பொருத்தி, செயற்கை விரலில் உள்ள உணரியோடு இணைத்தது. உணர்வில்லாத செயற்கைக் கையால் செர்ரிப் பழத்தின் காம்பைக் கிள்ளும்போது பழம் பல முறை நசுங்கியது. உணர்வு கிடைத்ததும், கண்ணைக் கட்டியிருந்தும் காம்பைப் பதமாகப் பிரித்தெடுத்தார் பயனாளி. 2014இல் வெளியான அந்த ஆய்வில் பங்கேற்ற இருவருக்கும் மாய வலி நீங்கியது. வலியைப் போக்குவது ஆய்வின் முதன்மை நோக்கமே அல்ல. தோலைத் துளைத்து வெளிவரும் கம்பிகளும் கருவியின் விலையும் இன்னும் தடையாக இருப்பதால், இத்தகைய கைகள் பெரும்பாலும் ஆய்வுக்கூடங்களோடு தொடர்புள்ளவர்களுக்கே கிடைக்கின்றன.