அக்காவின் இடுப்பும் ராஜ்காட் கூடாரமும்

நம் ஊர்ச் சித்தாளுக்குத் தில்லியில் ரேஜா என்று பெயர். ஆண் கையாள் பேல்தார், கொத்தனார் ராஜ்மிஸ்திரி, ஊரிலிருந்து ஆள் பிடித்து வருகிறவர் ஜமாதார். ஆளுக்கொரு பெயர், பெயருக்கொரு கூலி. இந்தக் கணக்கில் எந்தக் காலத்திலும் சேராத ஓர் ஆள் எல்லாக் கட்டடங்களிலும் உண்டு. ஏழெட்டு வயது, எண்ணெய் காணாத தலை, ஒரு பக்கம் சாய்ந்த உடம்பு. இடுப்பில் தம்பியோ தங்கையோ உட்கார்ந்திருப்பதால் வந்த சாய்வு அது. சித்தாளின் மூத்த பெண்தான் அந்த ஆள்.

தில்லியின் கட்டடங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் புதுதில்லியை வடிவமைத்த லட்யென்ஸையும் பேக்கரையும் விடமாட்டார்கள். 1911 டிசம்பரில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் தலைநகரைக் கல்கத்தாவிலிருந்து மாற்றுவதாக அறிவித்தார். 1931 பிப்ரவரியில் புதுதில்லி திறப்புவிழா கண்டது. இடைப்பட்ட இருபது ஆண்டுகளில் கல்லும் மண்ணும் சுமந்தவர்களில் பெரும்பகுதியினர் ராஜஸ்தானிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்த பாக்ரி மக்கள். பெண்கள் பாவாடையும் முக்காடும் வெள்ளிக் காப்புமாகத் தலையில் சட்டியோடு வரிசையாக நடப்பார்கள். வேலையிடத்தின் ஓரத்திலேயே குடிசை. ஒரு கட்டடம் முடிந்தால் குடிசை அடுத்த கட்டடத்துக்குப் போகும்.

குடும்பத்தோடு வந்தார்கள் என்று எழுதிவிடலாம். பாட்டியை யாரும் கூட்டி வரவில்லை. நிலத்தையோ மாட்டையோ, குறைந்தது வீட்டையோ பார்த்துக்கொண்டு பாட்டி ஊரிலேயே இருந்துவிட்டாள். கிராமத்தில் நாற்று நடவோ அறுப்போ போகிற பெண் பிள்ளையைப் பாட்டியிடம் போட்டுவிட்டுப் போவாள். இல்லையென்றால் வரப்போரத்து மரத்தில் தூளி கட்டுவாள். தில்லிக் கட்டடத்தில் பாட்டியும் இல்லை, மரமும் இல்லை. மணல் மேடு, ஜல்லிக் குவியல், சுண்ணாம்புத் தொட்டி, மேலே சாரம். அங்கே ஒரு கைக்குழந்தையை வைத்துக்கொள்ள நான்கு வழிதான் இருந்தது. சாரத்துக் கழியிலேயே பழம்புடவையால் தூளி கட்டலாம். தவழ்கிற பிள்ளையானால் காலில் துணிக் கயிறு கட்டி ஒரு கல்லோடு முடிந்துவிடலாம். துளி அபின் கொடுத்துத் தூங்க வைக்கலாம். இல்லையென்றால் அக்காவிடம் கொடுக்கலாம்.

அபின் என்றதும் திகைக்க வேண்டாம். அந்தக் காலத்துப் பம்பாயில் மில் வேலைக்குப் போன தாய்மார்கள் பிள்ளைக்கு அபின் உருண்டை கொடுத்துப் படுக்க வைத்துவிட்டுப் போனது ஊரறிந்த செய்தி. 1931இல் அறிக்கை தந்த தொழிலாளர் ராயல் கமிஷனின் கவனத்துக்கும் அது வந்தது. பல மணி நேரம் வீட்டில் இல்லாத தாய்க்கு இருந்த ஒரே ஆயா அந்த உருண்டைதான். மில்லுக்குள்ளேயே பிள்ளைகளுக்கு ஓர் அறை வேண்டும் என்ற பேச்சு வளர்ந்து, 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தில் கட்டாயமானது: 50 பெண்களுக்கு மேல் வேலை செய்தால் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் காப்பகம். 1976இல் அந்த 50, 30 ஆகக் குறைந்தது. தோட்டத் தொழிலாளருக்கு 1951இல் தனிச் சட்டம் வந்தது. தேயிலைத் தோட்டத்துத் தமிழர்களுக்கோ இந்த ஏற்பாடு அதற்கும் முன்பே பழக்கம். இலங்கை மலையகத்தில் அதற்குப் பிள்ளைக்காம்பரா என்று பெயர். கொழுந்து பறிக்கப் போகும் முன் பிள்ளையை அங்கே விட்டுப் போவார்கள். எந்த மொழிபெயர்ப்புக் குழுவும் கூடி உட்காராமல் தானாகப் பிறந்த சொல். ‘குழந்தைகள் காப்பக மையம்’ போன்ற அரசாங்கத் தமிழைவிட எவ்வளவோ மேல்.

கட்டடத் தொழில் மட்டும் எதிலும் அடங்கவில்லை. மில்லுக்கு ஒரு வாசல் உண்டு, தோட்டத்துக்கு ஓர் எல்லை உண்டு. கட்டடத்துக்கு வாசல் வைத்து முடிக்கிற அன்று தொழிலாளி வெளியேறிவிடுவான். ஆறு மாதத்தில் கலைந்துபோகும் இடத்தில் யார் அறை கட்டுவார்கள்?

இந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்தது 1969இல், காந்தி நூற்றாண்டு விழாவுக்காக நடந்த வேலையில். ராஜ்காட்டுக்குப் பக்கத்தில் ‘காந்தி தர்ஷன்’ கண்காட்சிக்கு அரங்குகள் எழும்பிக்கொண்டிருந்தன. கடைசி மனிதனின் கண்ணீரைப் பற்றிப் பேசியவருக்கு எழுப்பிய அரங்குகளின் வெளியே, புழுதியில், சித்தாள்களின் பிள்ளைகள் கிடந்தார்கள். அதைப் பார்த்தவர் மீரா மகாதேவன். கொங்கணக் கரையிலும் பம்பாயிலும் தலைமுறைகளாக வாழ்ந்த பெனே இஸ்ரேல் யூத சமூகத்தில் பிறந்தவர், கணவர் டி.கே. மகாதேவன் காந்தி அமைதி நிறுவனத்தில் இருந்தார். மீரா இந்தியில் எழுதியவர். 1961இல் வந்த அவருடைய நாவலின் பெயர் ‘அப்னா கர்’, அதாவது நம்ம வீடு.

கூடாரம் ஒன்று கிடைத்தது. பிள்ளைகளை அதில் சேர்த்து, பார்த்துக்கொள்ள ஆள் வைத்தார்கள். தொடக்கம் அவ்வளவுதான். அதிலிருந்து வளர்ந்த அமைப்புக்கு ‘மொபைல் கிரஷஸ்’, அதாவது நகரும் காப்பகங்கள், என்று பெயர் வந்தது. இன்றைக்குக் கேட்கிறவர்களுக்கு மொபைல் என்றால் கைப்பேசி. சிலர் சக்கரம் வைத்த வண்டி என்றும் நினைப்பார்கள். நகர்ந்தது வண்டி அல்ல. ஓரிடத்தில் வேலை முடிந்ததும் பாயைச் சுருட்டி, பாத்திரத்தை எடுத்துக்கொண்டு, காப்பகமே அடுத்த கட்டடத்துக்குக் குடிபெயர்ந்தது. அறைக்காகத் தொழிலாளி காத்திருக்காமல் தொழிலாளியின் பின்னால் அறை போயிற்று. எளிமையான யோசனை, அதுவரை யாருக்கும் தோன்றவில்லை, அல்லது தோன்றியும் செய்யவில்லை.

நடைமுறை இப்படி. கட்டடக்காரர் இடமும் தண்ணீரும் மின்சாரமும் தர வேண்டும். பாதி எழும்பிய கட்டடத்தின் தரைத்தளத்தில் ஓர் அறையோ, தகரக் கொட்டகையோ கிடைக்கும். கைக்குழந்தைகள் ஒரு பக்கம், மூன்றிலிருந்து ஆறு வயதுப் பிள்ளைகள் இன்னொரு பக்கம், அதற்கு மேற்பட்டவர்கள் மற்றொரு பக்கம். வேலை எத்தனை மணிக்குத் தொடங்குகிறதோ அப்போது திறக்கும், வேலை விடும்போதுதான் மூடும். இந்த ஒன்றில்தான் சூட்சுமமே இருக்கிறது; பத்து மணிக்குத் திறந்து ஒரு மணிக்குப் பூட்டுகிற இடத்தால் சித்தாளுக்கு என்ன பயன்? காலையில் வரும் பிள்ளைக்கு முதலில் முகம் கழுவல், தலைவாரல். கண்ணில் பீளை, காதில் சீழ், தலையில் சிரங்கு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். தொங்கு தராசில் எடை. கிச்சடி, பால். அட்டைப் பெட்டியிலும் துணித்துண்டிலும் செய்த பொம்மைகள். குறிப்பிட்ட நாளில் மருத்துவர் வருவார். இடைவேளையில் தாய் சாந்துக் கையைக் கழுவிக்கொண்டு வந்து பால் கொடுத்துவிட்டுப் போவாள். பார்த்துக்கொள்ளும் பெண்களுக்குப் பயிற்சி தந்தே சேர்த்தார்கள். சும்மா பிள்ளை பார்க்கிற வேலைதானே என்று நினைப்பவர்கள், நாற்பது பிள்ளைகளை ஓர் அறையில் வைத்துக்கொண்டு ஒரு மத்தியானத்தைக் கழித்துப் பார்க்கலாம்.

முதலில் விடுதலை பெற்றது கைக்குழந்தை அல்ல, அக்காதான். இடுப்புச் சுமை இறங்கியதும் அவள் என்ன செய்வாள்? பக்கத்தில் உட்கார்ந்து சிலேட்டை எடுப்பாள். மாநகராட்சிப் பள்ளியில் சேர்த்துவிடும் முயற்சியும் நடந்தது. கட்டடம் முடிந்து குடும்பம் வேறு மூலைக்குப் போனால் பள்ளியும் போயிற்று; மறுபடி முதலிலிருந்து. மீரா மகாதேவன் 1977இல் காலமானார். அதற்குள் பம்பாயிலும் காப்பகங்கள் தொடங்கியிருந்தன, பிறகு புனேவிலும்.

இதே காலத்தில் அரசாங்கமும் பிள்ளைகளைப் பற்றி யோசிக்கத் தொடங்கியது. அந்தக் கதையில் ஒரு தமிழ்க் குடும்பம் வருகிறது. பள்ளி வயதுக்கு முந்தைய பிள்ளைகளின் வளர்ச்சி பற்றி மத்தியக் கல்வி ஆலோசனை வாரியம் அமைத்த ஆய்வுக் குழுவுக்குத் தலைமை தாங்கி, 1972இல் அறிக்கை தந்தவர் மீனா சுவாமிநாதன். வேளாண் விஞ்ஞானி எம்.எஸ். சுவாமிநாதனின் மனைவி, ‘வாஸவேச்வரம்’ நாவலை எழுதிய கிருத்திகாவின் மகள். 1975 அக்டோபர் 2 அன்று 33 இடங்களில் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கியது. ஊருக்கு ஊர் அங்கன்வாடி வந்தது அப்படித்தான்.

அங்கன்வாடி என்ற பெயர் தாராபாய் மோடக் மகாராஷ்டிரத்தில் நடத்திய முற்றத்துப் பள்ளிகளிலிருந்து வந்தது. பால்வாடியும் அந்தப் பக்கத்துச் சொல்தான். பாலர்களின் தோட்டம் என்று பொருள். நம் ஊரில் பால் ஊற்றுகிற இடம் என்றே எடுத்துக்கொண்டார்கள். பொருள் மாறினாலும் சொல் நிலைத்துவிட்டது.

அங்கன்வாடி பெரிய சாதனைதான். ஆனால் அது சில மணி நேரமே நடக்கும். மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு அங்கே சத்துமாவு கிடைக்கும், தடுப்பூசிக்கு வழி கிடைக்கும், படுத்துத் தூங்க இடம் கிடைக்காது. எட்டு மணி நேரம் செங்கல் சுமக்கும் பெண்ணின் ஆறு மாதக் குழந்தை இந்தத் திட்டத்துக்கும் வெளியேதான் நின்றது.

பிறகு வந்தது ஆசியாட். 1982 நவம்பரில் ஆசிய விளையாட்டுப் போட்டி; அதற்குள் மைதானம், உள்ளரங்கம், மேம்பாலம், விளையாட்டு வீரர்களுக்கு ஒரு கிராமமே கட்டி முடிக்க வேண்டும். ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம், ஒரிசா என்று பல மாநிலங்களிலிருந்து ஆட்களை இறக்கினார்கள். அரசு விதித்த குறைந்தபட்சக் கூலி நாளொன்றுக்கு 9 ரூபாய் 25 காசு. அதில் ஒரு ரூபாயை ஜமாதார் பிடித்துக்கொண்டு 8 ரூபாய் 25 காசுதான் கையில் கொடுத்தார். மக்கள் ஜனநாயக உரிமைகளுக்கான அமைப்பு ஒன்று நீதிபதி பகவதிக்குக் கடிதம் எழுத, அந்தக் கடிதமே வழக்காகி, அந்த ஆண்டு செப்டம்பர் 18 அன்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. கட்டட வேலை ஆபத்தான தொழில், 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகளை அதில் வைக்கக் கூடாது என்றது நீதிமன்றம். செங்கல் தூக்குகிற பெண் பிள்ளைக்கு இந்தத் தீர்ப்பு பொருந்தும். தம்பியைத் தூக்குகிறவளுக்கு? அவளை யாரும் வேலைக்கு வைக்கவில்லையே. ஆசியாட்டின் சின்னமான அப்பு யானையின் பெயரில் 1984இல் பிரகதி மைதானத்தில் அப்பு கர் பொழுதுபோக்குப் பூங்கா திறந்தார்கள். தில்லிப் பிள்ளைகள் ஒரு தலைமுறைக்கு அங்கே ராட்டினம் சுற்றினார்கள்.

கட்டடத் தொழிலாளருக்கென்று தனிச் சட்டம் 1996இல்தான் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. கட்டுமானச் செலவில் ஒரு பங்கைத் தீர்வையாகப் பிடித்து நலவாரியத்துக்குத் தர வேண்டும். 50 பெண்களுக்கு மேல் வேலை செய்தால் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு அறை வேண்டும், காற்றும் வெளிச்சமும் வேண்டும், பயிற்சி பெற்ற பெண்ணின் பொறுப்பில் இருக்க வேண்டும். எல்லாம் சரி. ஆனால் தில்லியில் மூன்று மாடி வீடு கட்டுகிற இடத்தில் நான்கு சித்தாள்தான் இருப்பார்கள். 50 பெண்கள் சேர வேண்டுமானால் மெட்ரோ ரயில் பாதையோ அடுக்குமாடிக் குடியிருப்போ எழும்ப வேண்டும். 2020ஆம் ஆண்டுத் தொழிலாளர் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, ‘50 பெண்கள்’ என்பதை ‘50 தொழிலாளர்கள்’ என்று மாற்றியது. பிள்ளை தகப்பனுக்கும் பிள்ளைதான் என்பதைச் சட்டம் ஒருவழியாக ஒப்புக்கொண்டது. ஆனால் காப்பகத்துக்கு அரசு ‘விதி செய்யலாம்’ என்றுதான் எழுதியிருக்கிறார்கள். ‘லாம்’ என்ற ஈற்றெழுத்துகளில் எவ்வளவு தள்ளிப்போடலாம் என்பது அலுவலகத்துக்கு நடையாய் நடந்தவர்களுக்குத் தெரியும்.

தில்லிக்கு வேலை தேடிப் போன தமிழர்களில் கோல் மார்க்கெட், கரோல்பாக் குமாஸ்தாக்களைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. ஜங்புராவில் பாராபுல்லா நாலா என்ற வடிகாலின் ஓரத்து மதராஸி கேம்ப் பற்றி அவ்வளவு எழுதவில்லை. விழுப்புரம், கள்ளக்குறிச்சி பக்கத்திலிருந்து போய்ப் பல பத்தாண்டுகளாகக் குடியிருந்தவர்கள். பெண்கள் பலர் சுற்றுவட்டார வீடுகளில் பாத்திரம் கழுவவும் தரை துடைக்கவும் போனார்கள். பிள்ளைகள் லோதி எஸ்டேட் தமிழ்ப் பள்ளிக்குப் போனார்கள். வேலை செய்யும் வீடு நடந்து போகும் தூரம். நடுவில் ஓடிவந்து குழந்தையைப் பார்க்கலாம், அடுத்த வீட்டு அத்தையிடமும் விடலாம். 2025 ஜூன் 1 அன்று, உயர் நீதிமன்ற உத்தரவின்படி, நாலாவின் அடைப்பை நீக்குவதற்காக அங்கிருந்த சுமார் 370 வீடுகளை இடித்தார்கள். மாற்று வீட்டுக்குத் தகுதி பெற்றவை 189 குடும்பங்கள். அந்த வீடுகள் நரேலாவில், நகரத்தின் வடகோடியில். அத்தைக்கு வீடு கிடைத்து அண்ணிக்குக் கிடைக்காமல் ஒரே வரிசை இரண்டாகப் பிரிந்தது.

நரேலாவிலிருந்து ஜங்புராவுக்கு ஏழு மணிப் பாத்திரத்துக்கு வர வேண்டிய பெண், இருட்டோடு பஸ் ஏற வேண்டும். அந்த நேரத்தில் எந்தப் பால்வாடியும் திறந்திருக்காது. கைக்குழந்தை வைத்திருப்பவள் கிளம்பும் முன் பெரிய பெண்ணை எழுப்பித்தான் ஆக வேண்டும்.