காலநிலையும் படைத்தளமும்: ஓய்வுபெற்ற தளபதிகளின் ஆய்வு எதுவரை செல்லும்?

2007 ஏப்ரலில் அமெரிக்காவின் சிஎன்ஏ ஆய்வு நிறுவனம், காலநிலை மாற்றத்தைத் தேசியப் பாதுகாப்போடு இணைத்து ஓர் அறிக்கையை வெளியிட்டது. அதன் இராணுவ ஆலோசனைக் குழுவில் இருந்த 11 பேரும் ஓய்வுபெற்ற ஜெனரல்கள், அட்மிரல்கள். தரைப்படையின் முன்னாள் தலைமைத் தளபதி கார்டன் சல்லிவன் குழுவுக்குத் தலைமை வகித்தார். காலநிலை மாற்றம் ஓர் ‘அச்சுறுத்தல் பெருக்கி’ என்பது அறிக்கையின் மையக் கருத்து. வறுமையும் தண்ணீர்த் தட்டுப்பாடும் தளர்ந்த ஆட்சியும் ஏற்கெனவே உள்ள நாடுகளில் அது கலகத்துக்கான வாய்ப்பைக் கூட்டுகிறது.

அறிவியல் முழுமையாக உறுதிப்படும்வரை பொறுத்திருக்கலாம் என்ற வாதம் அன்று வலுவாக இருந்தது. போர்க்களத்தில் முழுத் தகவலுக்காகக் காத்திருப்பவர் பேரிழப்பைச் சந்திப்பார் என்பது சல்லிவனின் மறுமொழி. நிகழ வாய்ப்பு குறைவாக இருந்தாலும் விளைவு கொடியதாக இருந்தால் அதற்கும் திட்டமிடுவது படைத்துறையின் வழக்கம். பதவியும் பதக்கமும் தரும் மதிப்பைவிட, இம்முறையே தளபதிகள் காலநிலை விவாதத்துக்கு அளித்த பெரிய கொடை.

அதன் பலனைக் கடற்படையில் காணலாம். 2007 செப்டம்பரில் ஆர்க்டிக் கடற்பனி சுமார் 42 லட்சம் சதுர கிலோமீட்டராகச் சுருங்கியது. அந்தப் பின்னணியில் 2009இல் அமெரிக்கக் கடற்படை காலநிலைப் பணிக்குழுவை அமைத்து, கடலியலாளரான ரியர் அட்மிரல் டேவிட் டிட்லியிடம் ஒப்படைத்தது. ஓய்வுக்குப்பின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரான அவர், தீவிர வானிலை நிகழ்வுகளில் காலநிலை மாற்றத்தின் பங்கைக் கணிக்கும் முறைகள் குறித்து தேசிய அறிவியல் கழகங்கள் 2016இல் வெளியிட்ட ஆய்வுக்குத் தலைமை தாங்கினார். அவர் வழிநடத்திய கடற்படைப் பணிக்குழுவோ 2019இல் கலைக்கப்பட்டது.

கரையில் சான்றுகள் இன்னும் தெளிவானவை. வர்ஜீனியாவின் நார்ஃபோக், உலகின் மிகப்பெரிய கடற்படைத் தளம். அங்கே கடல் உயர, நிலமும் தாழ்கிறது. நூறாண்டுகளில் நீர்மட்டம் ஏறத்தாழ ஒன்றரை அடி ஏறியிருக்கிறது. பழைய கப்பல்துறை மேடைகளில் மின்கம்பிகளும் நீராவிக் குழாய்களும் மேடைப் பரப்புக்கு அடியில் ஓடுகின்றன. ஓதநீர் அவற்றைத் தொடும்போது கப்பல்களுக்கான மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டியிருக்கிறது. 2018 அக்டோபரில் மைக்கேல் சூறாவளி ஃபுளோரிடாவின் டிண்டால் விமானப்படைத் தளத்தைச் சிதைத்தது. அடுத்த மார்ச்சில் வெள்ளம் நெப்ராஸ்காவின் ஆஃபட் தளத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை மூழ்கடித்தது.

வறட்சியிலிருந்து போருக்குக் கோடு இழுக்கும் இடத்தில் இந்த உறுதி இல்லை. சிரியாவின் உள்நாட்டுப் போருக்கு 2006க்குப் பிந்தைய வறட்சி வழிவகுத்தது என்ற விளக்கம் 2015இல் பரவலான கவனம் பெற்றது. சான்று போதாது என 2017இல் வேறு ஆய்வாளர்கள் மறுத்தனர். மறுப்பே ஏற்கத்தக்கது. உழவரைக் கைவிட்ட அரசின் கொள்கைகளை வானிலையின் கணக்கில் எழுதினால், இடம்பெயர்ந்த மக்களே அச்சுறுத்தலாகச் சித்திரிக்கப்படும் ஆபத்தும் உண்டு.

படைகளே வெளியிடும் கரியமில வாயு பற்றித் தளபதிகளின் ஆய்வுகள் பேசுவது மிகக் குறைவு. 2009இல் சிஎன்ஏ குழு எரிபொருள் சார்பை ஆராய்ந்தபோதும் அதை முதன்மையாகப் படையின் பலவீனமாகவே கண்டது. 1997 கியோட்டோ பேச்சுவார்த்தையில் பன்னாட்டுப் படை நடவடிக்கைகளின் உமிழ்வு நாடுகளின் கணக்கில் சேராதபடி விலக்குப் பெறப்பட்டது. 2015 பாரிஸ் உடன்படிக்கைக்குப் பின்னும் படைத்துறை உமிழ்வை அறிவிப்பது அந்தந்த நாட்டின் விருப்பமாகவே உள்ளது. போர்முனைக்கு எரிபொருள் சென்று சேரும் வழியை அடிமுதல் நுனிவரை அறிந்த முன்னாள் படையினரே இந்தக் கணக்கை எடுக்க மிகத் தகுதியானவர்கள்.