செய்மதி வழியே கூடிய கலையரங்கு

கடல் கடந்து தன் கலையைக் காட்ட விரும்பிய கலைஞன் கப்பலேறிப் பல வாரம் பயணஞ் செய்த காலம் ஒன்றிருந்தது. அந்நிலையை மாற்றவல்ல கருத்தை 1945ஆம் ஆண்டில் ஆதர் சி. கிளார்க் என்னும் ஆங்கிலேயர் வெளியிட்டார். பூமத்திய கோட்டுக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரத்தில், பூமியின் சுழற்சிக்கு ஒத்தியங்கும் மூன்று செய்மதிகள் அமையின் உலகம் முழுவதற்கும் ஒலியும் ஒளியும் பரப்பலாம் என்பது அவர் கணிப்பு.

1967ஆம் ஆண்டு யூன் 25ஆம் நாள் அக்கணிப்பு பெருமளவிற் சோதிக்கப்பட்டது. பிரித்தானிய ஒலிபரப்பாளர் முன்னின்று தொடங்கிய ‘நமது உலகம்’ என்ற நிகழ்ச்சி, கண்டங்களைச் செய்மதிகளால் நேரடியாக இணைத்தது. அரசியல் தலைவர் எவரும் தோன்றலாகாது என்பது அதன் விதிகளில் ஒன்று.

ஆயினும், தலைவர்களை விலக்கிய விதியால் அரசியலை விலக்க இயலவில்லை. அம்மாதத் தொடக்கத்தில் மேற்காசியாவில் ஆறு நாட் போர் மூண்டது. மேல்நாடுகளின் போக்கைக் கண்டித்து, ஒளிபரப்புக்கு நான்கு நாட்கள் இருக்கையிற் சோவியத்து ஒன்றியமும் அதன் நேச நாடுகள் நான்கும் விலகிக்கொண்டன. பதினான்கு நாடுகளே காட்சி வழங்கின.

முடிந்த கலையைக் காட்டிலும் உருவாகும் கலையே அன்று மிகுதியாகக் காட்டப்பட்டது. நல்ல தெரிவு அது. இத்தாலியில் ‘றோமியோவும் யூலியற்றும்’ படப்பிடிப்பில் இயக்குநர் செபிரெல்லி ஈடுபட்டிருந்தார். இலண்டனிற் பீற்றில்ஸ் குழுவினர், அன்பே வேண்டுவது என்ற பொருளில், எம்மொழியினருக்கும் விளங்கும் எளிய சொற்களால் ஆன புதுப்பாடலைப் பாடினர். (அதன் பின்னணி இசையின் ஒரு பகுதி முன்னரே பதிவுசெய்யப்பட்டிருந்தது என்பதையும் சொல்லவேண்டும்.)

நியூயோர்க்கிலோ, லெனாட் பேண்ஸ்ரைன் இசைக்குழுவை நடத்த, வான் கிளைபேண் பியானோ வாசித்து ஒத்திகை பார்த்தார். இருவரும் அமெரிக்கர். அவர்கள் எடுத்துக்கொண்டதோ இரசிய இசைமேதை இரக்மானினோவின் படைப்பு. கிளைபேண் 1958இல் மொஸ்கோ நகரிலேயே நடந்த சர்வதேசப் போட்டியில் முதற்பரிசு பெற்றவர். மொஸ்கோ விலகிய அரங்கிலே, மொஸ்கோ பாராட்டிய கலைஞர் இரசிய இசையை வாசித்தார். எவரும் இதனைத் திட்டமிட்டுச் செய்ததாகத் தெரியவில்லை.

காட்சி வழங்கிய நாடுகளில் ஆசியாவுக்கு யப்பானும் ஆபிரிக்காவுக்குத் துனிசியாவுமே இருந்தன. தென்னாசியாவின் ஆடலோ பாடலோ அன்று வான் ஏறவில்லை. கிளார்க் 1956 முதல் இலங்கையில் வாழ்ந்துவந்தார். அவர் தேர்ந்த அந்நாட்டுக்குத் தொலைக்காட்சி வந்ததே 1979ஆம் ஆண்டிலேதான்.