குறும்பாதைப் படிமுறைகளுக்கான தரவுக் கட்டமைப்புகள்

கோட்டுரு ஒன்றில் ஒரு முனையிலிருந்து மற்ற முனைகளுக்கு மிகக் குறைந்த தொலைவில் செல்லும் வழிகளைக் காண்பது குறும்பாதைச் சிக்கல். இதற்கான படிமுறைகளின் வேகம் இரண்டு தேர்வுகளில் தங்கியிருக்கிறது. கோட்டுருவை நினைவகத்தில் எப்படி வைப்பது என்பது ஒன்று. அடுத்து ஆராய வேண்டிய முனையை எதைக் கொண்டு எடுப்பது என்பது மற்றொன்று. டைக்ஸ்ட்ரா படிமுறையின் வரலாற்றில் பெரும்பகுதி, இரண்டாம் கேள்விக்குக் கிடைத்த விடைகளின் வரலாறுதான்.

எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1956இல் ஆம்ஸ்டர்டாமில் ஒரு காப்பிக் கடையில் அமர்ந்தபடி, தாளும் பென்சிலும் இல்லாமல் சுமார் 20 நிமிடத்தில் இந்தப் படிமுறையை உருவாக்கினார். ஆர்மாக் என்ற புதிய கணினியைப் பொதுமக்களுக்குச் செய்துகாட்ட ஒரு கணக்கு தேவைப்பட்டது. நெதர்லாந்து வரைபடத்திலிருந்து 64 ஊர்களை எடுத்துக்கொண்டார். 64 என்றால் ஓர் ஊரைக் குறிக்க ஆறு பிட் போதும். அக்கணமே தரவை வைக்கும் முறையும் கணக்கோடு பிணைந்துவிட்டது. 1959இல் வெளியான மூன்று பக்கக் கட்டுரையிலும், எல்லா விளிம்புகளையும் (முனைகளை இணைக்கும் கோடுகளையும்) ஒரே நேரத்தில் நினைவகத்தில் வைக்கத் தேவையில்லை என்பதைத் தம் முறையின் சிறப்பாகச் சொன்னார்.

அந்த முதல் வடிவத்தில் தனிக் கட்டமைப்பு எதுவும் இல்லை. இன்னும் முடிவாகாத முனைகள் அனைத்தையும் ஒவ்வொரு சுற்றிலும் பார்த்து, தொலைவு குறைந்ததை எடுக்க வேண்டும். V முனைகள் இருந்தால் வேலை V²க்கு ஏற்ப வளரும். 64 ஊர்களுக்கு இது பொருட்டே இல்லை. ஆய்வாளர்கள் ஒப்பீட்டுக்குப் பயன்படுத்தும் அமெரிக்கச் சாலைக் கோட்டுருவில் 2,39,47,347 முனைகளும் 5,83,33,344 திசை விளிம்புகளும் உண்டு. அங்கே V² என்பது சுமார் 5.7 கோடி கோடி. அதை அண்டை அணியாக, அதாவது முனை இணை ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம் கொண்ட அட்டவணையாக வைத்தால், கட்டத்துக்கு 4 பைட் வீதம் 2,200 டெராபைட்டுக்கு மேல் வேண்டும். அவற்றில் ஏறக்குறைய எல்லாக் கட்டங்களும் வெறுமையாகவே கிடக்கும். ஒவ்வொரு முனைக்கும் அதன் விளிம்புகளை மட்டும் குறிக்கும் அண்டைப் பட்டியலாக வைத்தால் 60 கோடி பைட்டுக்குள் அடங்கிவிடும். ஆனால் பட்டியல்களைச் சுட்டிகளால் கோக்காமல், எல்லா விளிம்புகளையும் ஒரே அர்ரேயில் அடுத்தடுத்து அடுக்கி, ஒவ்வொரு முனையின் பங்கும் தொடங்கும் இடத்தை இன்னோர் அர்ரேயில் குறித்துக்கொள்வதே சிறந்தது. கேஷ் நினைவகம் தொடர்ச்சியான தரவை விரும்பும்.

முனையைத் தேர்ந்தெடுக்க, 1964இல் ஜே. டபிள்யூ. ஜே. வில்லியம்ஸ் அறிமுகப்படுத்திய, சிறுமத்தை விரைவாக எடுத்துத் தரும் பைனரி ஹீப் கைகொடுத்தது. படிமுறை V முறை சிறுமத்தை எடுக்கிறது. அதிகபட்சம் E முறை (E விளிம்புகளின் எண்ணிக்கை) தொலைவைக் குறைத்துத் திருத்துகிறது. பைனரி ஹீப்பில் இரண்டுக்கும் log V அளவு செலவாகும். மேற்சொன்ன சாலைக் கோட்டுருவில் மொத்த வேலை, உச்சவரம்பாகக் கணக்கிட்டாலும் சுமார் 200 கோடி படிகள்தான். ஒவ்வொரு முனையும் மற்ற எல்லா முனைகளோடும் இணைந்த அடர்ந்த கோட்டுருவில் நிலைமை தலைகீழ். அங்கே E என்பது V²ஐ நெருங்குவதால் ஹீப்பின் log V வீண் சுமையாகலாம். டைக்ஸ்ட்ராவின் எளிய அர்ரேயே நல்ல தேர்வு.

மைக்கேல் ஃப்ரெட்மனும் ராபர்ட் டார்ஜனும் 1984இல் முன்வைத்த ஃபிபனாச்சி ஹீப், திருத்தத்தின் சராசரிச் செலவை மாறிலியாக்கி மொத்த வேலையை E + V log V என்று குறைத்தது. கோட்பாட்டளவில் அழகான சாதனை. நடைமுறையில் அதன் சுட்டிகளும் மாறிலிச் செலவும் அந்த ஆதாயத்தைப் பெரும்பாலும் விழுங்கிவிடுகின்றன. பைதானின் ஹீப்கியூ, ஜாவாவின் பிரியாரிட்டி கியூ ஆகியவற்றில் தொலைவைக் குறைக்கும் வசதியே கிடையாது. அங்கெல்லாம் புதிய தொலைவோடு முனையை மறுபடி உள்ளே போட்டுவிட்டு, பழைய பதிவு வெளியே வரும்போது தள்ளிவிடுகிறார்கள். ஹீப்பில் E பதிவுகள் வரை சேரலாம். ஆனால் இணை விளிம்புகள் இல்லாத கோட்டுருவில் log E என்பது 2 log Vஐத் தாண்டாது என்பதால் செலவின் வளர்ச்சி வீதம் மாறுவதில்லை. சாலைக் கோட்டுரு போன்ற அடர்த்தி குறைந்தவற்றில் முதலில் முயன்று பார்க்க வேண்டியது இதுதான்.

விளிம்புகளின் எடைகள் (நீளங்கள்) சிறிய முழு எண்களாக இருந்தால் ஹீப்பே தேவைப்படாமல் போகலாம். ராபர்ட் டயல் 1969இல் வெளியிட்ட முறையில், ஒவ்வொரு தொலைவுக்கும் ஒரு வாளி வைத்து முனைகளை அவற்றில் போட்டு வரிசையாகக் காலி செய்கிறோம். எடைகள் 0, 1 மட்டும் என்றால் இருமுனை வரிசை ஒன்றே போதும்: 0 எடையில் வந்த முனை முன்னால், 1 எடையில் வந்தது பின்னால்.

எதிர்மறை எடை வந்தால் டைக்ஸ்ட்ராவின் அடிப்படை உடைகிறது. முடிவானதென்று ஒதுக்கிய முனைக்குப் பின்னர் குறுகிய வழி கிடைக்கக்கூடும். அப்போது பெல்மன்–ஃபோர்டு முறைக்கு விளிம்புகளின் வெறும் பட்டியலே போதும். எல்லா முனை இணைகளுக்கும் விடை வேண்டுமெனில், சிறிய அடர்ந்த கோட்டுருக்களுக்கு ஃபிளாய்டு–வார்ஷல் முறை பொருந்தும்; அதற்கு அணிதான் இயல்பான வடிவம்.

டைக்ஸ்ட்ரா முறை முனைகளைத் தொலைவு வரிசையில் வெளியிடுவதால், ஒப்பீடுகளை மட்டும் நம்பும்போது வரிசைப்படுத்தலின் செலவான V log Vஐத் தவிர்க்க முடியாது. 2025இல் டுவான் ரானும் நான்கு சக ஆய்வாளர்களும் அந்த வரிசையையே கைவிட்டு, அடர்த்தி குறைந்த திசைக் கோட்டுருக்களில் இந்தத் தடையைக் கடந்தார்கள். அவர்களுடைய கட்டமைப்பு ஒற்றைச் சிறுமத்தை எடுத்துத் தருவதில்லை. தொலைவு குறைந்த முனைகளை ஒரு தொகுதியாக, தமக்குள் வரிசைப்படுத்தாமல் தருகிறது.