மரவள்ளியைத் தேடி வந்த சிற்றுயிர்கள்

சேலத்திலிருந்து ஆத்தூர் செல்வோரும், இராசிபுரத்திலிருந்து கொல்லிமலை அடிவாரம் செல்வோரும் சாலையின் இருமருங்கிலும் மரவள்ளித் தோட்டங்களைக் காண்பர். இம்மண்ணிலேயே தோன்றியது போல் விளங்கும் இப்பயிர், உண்மையில் தென்னமெரிக்காவிலிருந்து வந்த விருந்தாளி. அது இங்கு வேரூன்றிய கதையைப் பலர் அறிவர். அதைத் தேடிப் பின்னால் வந்த சிற்றுயிர்களின் கதையை அறிந்தோர் சிலரே. ஓர் உயிரை அதன் சூழலிலிருந்து பிரித்துக் கொணர்ந்தால் என்ன நேரும் என்பதற்கு அக்கதையே சான்று.

1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மன்னர், மக்களின் பசி தீர மரவள்ளிச் சாகுபடியை ஊக்குவித்தார். இரண்டாம் உலகப் போரின்போது கீழை நாடுகளிலிருந்து ஜவ்வரிசி வருவது தடைப்பட்டது. 1943-இல் சேலத்து வணிகர் மாணிக்கம் செட்டியார், பினாங்கில் வணிகம் செய்து அத்தொழிலை அறிந்திருந்த போபட்லால் ஷாவுடன் இணைந்து, எளிய கருவிகளைக் கொண்டு இங்கேயே ஜவ்வரிசி செய்யத் தொடங்கினார். ஆலைகள் பெருகின, அவற்றிற்குக் கிழங்கு அளிக்க மானாவாரி நிலங்களும் கிணற்றுப் பாசன நிலங்களும் மரவள்ளிக்கு மாறின. 1981-இல் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் உருவாயிற்று. 2023-இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

ஒரே பயிர் இவ்வாறு பரந்து நிற்கும் நிலம், அப்பயிரை உண்ணும் பூச்சிக்கு எல்லையற்ற பந்தியாகும். தாயகத்தில் மரவள்ளியின் சாற்றை உறிஞ்சும் மாவுப்பூச்சி ஒன்று உண்டு. அதன் உடலுள் முட்டையிட்டு வளரும் கடுகினும் சிறிய குளவியும் அங்கு உண்டு. பயிர், பூச்சி, குளவி ஆகிய மூன்றும் ஒன்றையொன்று மிஞ்சாமல் வாழ்ந்துவந்தன. 1970-களின் தொடக்கத்தில் பூச்சி மட்டும் ஆப்பிரிக்காவை அடைந்தது. குளவி உடன்வரவில்லை. ஆண் துணையின்றியே பெருகவல்ல அப்பூச்சி, கரணைகள் வழியாகவும் காற்றின் வழியாகவும் பரவி, கோடிக்கணக்கானோரின் அன்றாட உணவை அழித்தது. 1981-இல் பராகுவே நாட்டில் அப்பூச்சியும் அதன் குளவியும் கண்டறியப்பட்டன. நைஜீரியாவின் இபடான் நகரிலிருந்த பன்னாட்டு வெப்பமண்டல வேளாண் நிறுவனத்தில் ஹான்ஸ் ஹெரன் தலைமையில் குளவிகள் வளர்க்கப்பட்டு வயல்களில் விடப்பட்டன. பஞ்சம் விலகியது; 1995-இல் ஹெரனுக்கு உலக உணவுப் பரிசு வழங்கப்பட்டது.

நம் சமவெளிக்கு இச்சோதனை இருமுறை வந்தது. 2008-இல் கோவையில் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, பப்பாளியோடு மல்பெரியையும் மரவள்ளியையும் தாக்கியது. 2010-இல் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து அதற்குரிய குளவிகள் வருவிக்கப்பட்டன. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் அவற்றைப் பெருக்கி உழவர்களுக்கு வழங்கியது. தாக்குதல் விரைவில் அடங்கியது. 2020-இல் ஆப்பிரிக்காவைக் கலங்கடித்த அதே மரவள்ளி மாவுப்பூச்சி கேரளத்தின் திருச்சூரில் காணப்பட்டு, பின்னர் சேலம், நாமக்கல் மாவட்டங்களையும் அடைந்தது. நுனிக்குருத்துகள் சுருண்டன, கணுக்கள் நெருங்கிச் செடிகள் குட்டையாயின, கிழங்கின் விளைச்சல் குன்றியது. பெங்களூருவிலுள்ள தேசிய வேளாண் பூச்சி வள மையம், ஆப்பிரிக்க நாடான பெனினிலிருந்து அனகைரஸ் லோபெசி என்னும் குளவியை வருவித்து, தனிமைக் காப்பில் ஆராய்ந்து, 2022 மார்ச் மாதத்தில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரிலுள்ள மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் வெளியிட்டது.

மருந்து தெளித்தால் போதாதா என்று வினவலாம். மாவு போன்ற மெழுகுப் பூச்சு பூச்சியைக் காக்கிறது. தெளிக்கும் நஞ்சோ பொறிவண்டு, சிலந்தி, தேனீ, குளவி ஆகிய அனைத்தையும் மாய்க்கிறது. எஞ்சிய மாவுப்பூச்சிகள் தடுப்பாரின்றி மீண்டும் பெருகுகின்றன. குளவியின் வழி வேறு. மாவுப்பூச்சி மிகுந்தால் குளவியும் மிகும். அது குறைந்தால் இதுவும் குறையும். இரண்டும் சிறு எண்ணிக்கையில் எஞ்சி நிற்க, பயிர் பிழைக்கிறது.

கொல்லாமையைப் போற்றும் நாம் இதை எவ்வாறு நோக்குவது? குளவியின் புழு மாவுப்பூச்சியை உண்டே வளர்கிறது. அதை மறைத்துப் பேசுதல் தகாது. எனினும் ஓர் இனத்தையும் வேரறுக்காத இம்முறைக்கும், வயலிலுள்ள எண்ணற்ற உயிர்களை ஒருங்கே மாய்க்கும் நஞ்சுக்கும் உள்ள வேறுபாடு பெரிது. மேலும், இத்துன்பத்தின் தொடக்கம் பூச்சியின் செயலன்று. பயிர்களைக் கடல் கடந்து கொணர்ந்து, எல்லை கடந்து கரணைகளை ஆராயாது எடுத்துச் சென்ற மனிதரின் கவனக்குறைவே அதன் வித்து.

ஆகவே, பூச்சி தாக்கிய தோட்டத்துக் கரணையை வேறூருக்குக் கொண்டுசெல்லாதிருத்தலும், குளவி நிலைத்த வயலில் நஞ்சு தெளிக்காதிருத்தலும் உழவரின் கடமைகள். அவ்விளைச்சலை வாங்கி விற்று வாழும் நம்போன்ற வணிகர்க்கும் அதில் பங்குண்டு. தட்டில் வெண்முத்தாய்க் கிடக்கும் ஒரு பிடி ஜவ்வரிசிக்குப் பின்னே, கண்ணுக்கு எளிதில் புலப்படாத அக்குளவியின் உழைப்பும் இருக்கிறது.