கட்டைவிரலும் கடிகாரக்காரர்களும்

சதுரங்கப்பட்டினம், புதுப்பட்டினம் பக்கம் கரையில் நின்று தூண்டில் போடுகிறவர்கள் நிறைய பேரிடம் ரீல் கிடையாது. காலி பாட்டில் ஒன்றில் தங்கூஸ் நரம்பைச் சுற்றி வைத்திருப்பார்கள். ஈயக்குண்டைத் தலைக்கு மேலே இரண்டு சுற்று சுற்றி விட்டால், பாட்டிலின் வாய்ப்பக்கமாக நரம்பு சரசரவென்று கழன்று ஓடும். பாட்டில் அசையாது. இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

எங்கள் வீட்டில் இருப்பது ஒரு பழைய ஆம்பசடர் ரீல். ஸ்வீடன்காரன் செய்தது. கல்பாக்கத்தில் வேலை பார்த்த காலத்தில் அப்பாவுக்கு வெளிநாட்டு நண்பர் ஒருவர் கொடுத்தது. அப்பா போன பிறகு பீரோவில் கிடந்தது. இப்போது பத்து வயசு அண்ணன் மகள், "தாத்தாவோட ரீல்லதான் நான் கத்துப்பேன்" என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். முதல் வீச்சிலேயே ஸ்பூலில் நரம்பு குருவிக்கூடு மாதிரி பொங்கிவிட்டது. "ஏன் சித்தப்பா இப்டிச் சிக்குது? பாட்டில்ல சிக்கலையே?" நல்ல கேள்வி. அதற்குப் பதில் தேடப்போய்ச் சேர்ந்த குறிப்புகள்தான் இவை.

ரீல் ஒன்றும் வெள்ளைக்காரன் சரக்கு இல்லை. சீன ஓவியர் மா யுவான் 1195 வாக்கில் வரைந்த படத்தில், பனிக்கால ஏரியில் படகில் உட்கார்ந்திருக்கும் ஒருவரின் கோலில் சின்னச் சக்கரம் தெரிகிறது. ரீலைக் காட்டும் மிகப் பழைய படம் அதுதான் என்கிறார்கள். ஆனால் வீசுவதற்கென்று ரீல் உருவானது அமெரிக்காவில், கென்டக்கியில். 1810-க்கும் 1820-க்கும் நடுவில், பாரிஸ் என்ற சிற்றூரில் (பிரான்ஸ் பாரிஸ் இல்லை) ஜார்ஜ் ஸ்னைடர் என்ற கடிகாரக்காரர் தனக்காக ஒன்றைச் செய்துகொண்டார். கைப்பிடியை ஒரு தரம் சுற்றினால் ஸ்பூல் பல தரம் சுற்றும். பல்சக்கரம் வைத்துப் பெருக்கும் ரீல் லண்டனில் அதற்கு முன்பே விற்பனையில் இருந்தது. ஸ்னைடர் சேர்த்தது கடிகாரத்தின் நுணுக்கம். ஸ்பூல் உராய்வே இல்லாததுபோல் சுழன்றது, இரை தன் எடையாலேயே நரம்பை இழுத்துக்கொண்டு பறந்தது. பிறகு ஃபிராங்ஃபோர்ட் ஊரில் மீக் சகோதரர்கள் இதைத் தொழிலாகவே செய்தார்கள். அவர்களும் கடிகார வேலை தெரிந்தவர்கள்தான்.

சிக்கலும் அதே இடத்தில்தான் பிறந்தது. வீசிய கணத்தில் குண்டுக்கு வேகம் அதிகம், ஸ்பூலும் அதே வேகத்துக்கு ஏறிவிடுகிறது. காற்று குண்டை மெதுவாக்குகிறது. ஸ்பூலுக்கு அது தெரியாது, பழைய வேகத்திலேயே நரம்பைக் கக்கிக்கொண்டிருக்கும். வெளியே போக இடமில்லாத நரம்பு உள்ளேயே சுருண்டு சிடுக்காகிவிடும். பட்டம் விட்டவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நன்றாகச் சுழலும் ரீல்தான் மோசமாகச் சிக்கும்!

அதற்கு அன்றைக்கு இருந்த ஒரே பிரேக் கட்டைவிரல். அதற்குப் பிறகு வந்த கண்டுபிடிப்புகளில் பாதி, விரலின் வேலையை இயந்திரத்திடம் கொடுக்கும் முயற்சிதான். நரம்பை ஸ்பூலில் சமமாகப் பரப்பிச் சுற்றுவதும் முன்பு விரல் வேலை. 1897-ல் கலமசூ ஊர் வில்லியம் ஷேக்ஸ்பியர் (நாடகக்காரர் இல்லை!) அதற்கு ஒரு பொறி வைத்தார். ஸ்வீடனில் 1921-ல் தொடங்கிய ஆபு கம்பெனியின் முழுப்பெயரிலேயே 'கடிகார ஆலை' இருக்கிறது. டாக்சி மீட்டரும் செய்தார்கள். போர்க்காலத்தில் மீட்டருக்குக் கிராக்கி குறைய, ரீல் பக்கம் திரும்பினார்கள். 1952-ல் வந்ததுதான் முதல் ஆம்பசடர். ஸ்பூல் வேகமெடுத்தால் உள்ளே இருக்கும் சின்னக் கட்டைகள் வெளியே தள்ளப்பட்டு உரசி, வேகத்தை அடக்கும். 1980-களில் காந்த பிரேக்கும் வந்தது.

இன்னொரு வழியும் இருந்தது: ஸ்பூலைச் சுற்றவே விடக்கூடாது. 1905-ல் இங்கிலாந்தின் பிராட்போர்டு ஆலைக்காரர் இல்லிங்வொர்த் அப்படி ஒரு ரீலுக்குக் காப்புரிமை வாங்கினார். ஆலையில் நூல் கழலும் விதம்தான் அவருக்கு யோசனை கொடுத்தது என்பார்கள். தறி நாடாவுக்குள் இருக்கும் தார் அப்படித்தானே, தார்க்குச்சி சும்மா இருக்கும், நூல் நுனிவழியாகக் கழலும். டச்சுக்காரர்கள் 17-ஆம் நூற்றாண்டில் சதுரங்கப்பட்டினம் தேடி வந்ததே துணிக்காகத்தான் என்பது இங்கே ஞாபகம் வருகிறது. நெசவாளிக்குத் தெரிந்த விஷயம், பாட்டில் தூண்டில்காரருக்கும் தெரிந்திருக்கிறது. ஆகவே அவளுக்குப் பதில்: பாட்டில் சுத்தாதும்மா, அதான் சிக்காது.

அப்படியானால் குழந்தைக்கு ஸ்பின்னிங் ரீலே போதாதா? போதும். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு அதைத்தான் நானும் சொல்வேன். இவள் கேட்பது தாத்தாவின் ரீல், அதனால் விரலைப் பழக்கியாக வேண்டும்.

சொல்லிக்கொடுக்கும் முறை இது. முள் கிடையாது, வெறும் குண்டு மட்டும், 20 கிராம் போல. ரொம்ப லேசான குண்டு புதுக்கைக்கு ஆகாது. கோலைச் சாய்த்துப் பிடித்து, விரலை எடுத்தால் குண்டு மெதுவாக இறங்க வேண்டும், தரையைத் தொட்டதும் ஸ்பூல் நிற்க வேண்டும். அதுவரை பக்கவாட்டுத் திருகை இறுக்கு. வீசும்போது விரல் ஸ்பூலை இறகு மாதிரி தொட்டுக்கொண்டே இருக்கட்டும், குண்டு விழும் கணத்தில் அழுத்திப் பிடி. திருகை முழுசாக இறுக்கிவிட்டால் விரலே வேண்டாம் என்று சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அதில் சம்மதமில்லை. அப்படிப் பழகிய பிள்ளைக்குத் திருகைத் தளர்த்திய அன்றைக்கு ஒன்றும் தெரியாது.

நேரமும் முக்கியம். சாயங்காலம் கடல்காற்று முகத்தில் அடிக்கும், குண்டு சட்டென்று வேகம் இழக்கும், சிடுக்கு நிச்சயம். விடியற்காலையில் கரைக்காற்று முதுகில் இருக்கும். நாங்கள் போவது அப்போதுதான்.

எட்டு வீச்சில் மூன்று சிக்காமல் போகிறது இப்போது. அவிழ்க்க முடியாததை வெட்டுகிறோம். வெட்டிய தங்கூஸ் ஒவ்வொரு துண்டும் அவள் பைக்குள் போகும், மணலில் ஒன்று விடமாட்டாள். ஜனவரியிலிருந்து மார்ச் வரை பங்குனி ஆமை முட்டையிட ஏறும் கரை இது, துடுப்பில் சுற்றிக்கொண்டால் ஆமைக்கு அவிழ்க்கத் தெரியாது.