ஜூஜுவாடி செக்போஸ்ட்டும் ஜாவாவின் பிரைவேட் கதவும்

2017 ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி வந்தது. அதோடு தமிழ்நாட்டு எல்லைகளில் இருந்த வணிகவரி செக்போஸ்ட்டுகளுக்கு வேலை முடிந்தது. எங்க ஜூஜுவாடியும் அதில் சேர்த்தி. அதே வருஷம் செப்டம்பரில் வெளியான ஜாவா 9 நேர் எதிராக, இல்லாத இடத்தில் செக்போஸ்ட் போட்டது. ஏன் என்று தேடிப் படித்ததன் குறிப்புகள் இவை.

சி மொழியில் எழுதி கம்பைல் செய்தால், ஓடும் புரோகிராமுக்கு ஸ்ட்ரக்சரின் மெம்பர் பெயர்கள் தெரியாது. மெமரியில் எத்தனையாவது பைட் என்கிற கணக்குதான் மிஞ்சும். ஜாவாவின் கிளாஸ் ஃபைல் அப்படி இல்லை. லோடு லாரியோடு பில் வருகிற மாதிரி, ஃபீல்டு பெயர், மெத்தட் பெயர், வகை எல்லாம் கூடவே வரும். ஓடிக்கொண்டிருக்கும்போதே "இந்த ஆப்ஜெக்டுக்குள் என்னென்ன இருக்கு?" என்று புரோகிராமே கேட்கலாம். இதுதான் ரிஃப்ளெக்‌ஷன்.

யோசனை பழசு. புரோகிராம் தன்னையே பார்த்து, தன்னையே மாற்றிக்கொள்வதை பிரையன் கேன்ட்வெல் ஸ்மித் 1982-ல் எம்ஐடி முனைவர் பட்ட ஆய்வில் முறைப்படுத்தினார். ஜாவாவுக்கு இது 1997-ல், 1.1 பதிப்பில் வந்தது. காரணம் தத்துவம் இல்லை, தேவை. அடுத்தவர் எழுதிய ஜாவா பீன்ஸ் பாகத்தில் என்னென்ன அமைப்புகள் உண்டு என்று, அதன் சோர்ஸ் இல்லாமலே டூல்கள் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

சிக்கல் அடுத்த பதிப்பில் ஆரம்பித்தது. 1998-ல் வந்த 1.2-ல் 'செட் ஆக்சசிபிள்' என்று ஒரு மெத்தட். அதைக் கூப்பிட்டால் பிரைவேட் ஃபீல்டும் திறக்கும். ஹைபர்னேட், ஸ்பிரிங் போன்றவை இந்த வசதியை நன்றாகப் பயன்படுத்திக்கொண்டன. ஆனால் பல லைப்ரரிகள் ஜாவாவின் சொந்த உள்பாகங்களிலும் கை வைத்தன. உள்ளே ஒரு பெயரை மாற்றினால் வெளியே யாருடைய புரோகிராமோ உடையும். பிரைவேட் என்று எழுதியதே பொதுச்சொத்து ஆகிவிட்டது. ஜாவாவை உருவாக்குபவர்களால் தங்கள் வீட்டையே இடித்துக் கட்ட முடியவில்லை.

ஜாவா 9-ன் மாட்யூல் அமைப்பு இதற்குத்தான். முதலில் எச்சரிக்கை மட்டும் வந்தது. 2021-ல் ஜாவா 16 உள்பாகக் கதவுகளை இயல்பாகவே சாத்தியது.

ஒன்றைக் கவனியுங்கள்: பெயர்ப் பட்டியலைப் பெரும்பாலும் இன்றும் கேட்டு வாங்கலாம். பில்லைப் பார்க்கத் தடையில்லை, தார்ப்பாயை அவிழ்க்கத்தான் அனுமதி வேண்டும். அந்த அனுமதியை முன்பு எட்டிப் பார்ப்பவரே எடுத்துக்கொண்டார். இப்போது 'ஓபன்ஸ்' என்று எழுதி மாட்யூலின் சொந்தக்காரர் தர வேண்டும். இல்லையென்றால் 'ஆட் ஓபன்ஸ்' என்று சொல்லி, புரோகிராமை ஓட்டுபவர் தெரிந்தே தர வேண்டும். இருபது வருஷத்தில் மாறியது அவ்வளவுதான்.